வீடு அடங்கியிருக்கும் பத்து நாள்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

பள்ளிக்கூட விடுமுறை வந்ததும் நம்மில் பலருடைய இல்லங்களில் பெட்டிகள் கட்டப்படுகின்றன. பெண்டு பிள்ளைகள் ஊருக்குப் புறப்படுகிறார்கள். விமான நிலையம் வரை சென்று, துஆ ஓதி, ஸலாம் கூறி அனுப்பிவிட்டு, கடைக்குப் போய்க் கணக்கு முடித்து இரவில் வீடு திரும்புகிறோம். கதவைத் திறந்தால் வீடு அடங்கிக் கிடக்கிறது. பிள்ளைகளின் சச்சரவில்லை, தொலைக்காட்சியின் இரைச்சலில்லை, "அத்தா, அது எங்கே? இது எங்கே?" என்ற கேள்வியில்லை. நாமே ஒரு கோப்பை தேநீர் கலந்துகொண்டு சாய்வு நாற்காலியில் அமரும்போது உள்ளத்தில் ஒரு சுகம் பிறக்கிறது. உடனே, "பிள்ளைகள் போனதற்கா மகிழ்கிறேன்? இது பாவமோ?" என்ற கூச்சமும் பிறக்கிறது.

பாவமன்று, சகோதரர்களே! அமைதி அல்லாஹ் அருளிய நிஃமத்து. நம் நாயகம் (ஸல்) அவர்கள் நுபுவ்வத்துக்கு முன்னர் உணவு கட்டிக்கொண்டு ஹிராக் குகைக்குச் சென்று பல இரவுகள் தனித்திருந்தார்கள். உணவு தீர்ந்ததும் கதீஜா நாயகி (ரலி) அவர்களிடம் வந்து, மீண்டும் உணவு பெற்றுச் சென்றார்கள். முதல் வஹீ வந்து உடல் நடுங்கிய வேளையில் அவர்கள் திரும்பி வந்ததும் அந்த இல்லத்திற்கே. ஆகவே, தனிமையை விரும்புவது குடும்பத்தை வெறுப்பதாகாது.

ஆனால் அந்தத் தனிமையை எவ்வாறு செலவழிக்கிறோம் என்பதே கேள்வி. ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரண்டு நிஃமத்துகளிலும் மக்களில் பலர் நஷ்டமடைகிறார்கள் என்பது புகாரி ஷரீபில் வரும் ஒரு ஹதீஸின் கருத்து. அங்கே நஷ்டத்திற்கு ஆளப்பட்டுள்ள அரபுச் சொல் சந்தையில் வழங்கும் சொல். சரக்கின் பெறுமதியறியாமல் விலையில் ஏமாந்து போகிறவனை அது குறிக்கும். இது வியாபாரிகளாகிய நமக்குப் புரியாததன்று. பத்து நாள் அமைதி கைக்கு வந்தது. அதைக் கைப்பேசியிலும் உறக்கத்திலும் தொலைத்துவிட்டோமானால், நல்ல சரக்கை அடிவிலைக்குத் தள்ளியவர்களாவோம். விட்டுப்போன குர்ஆன் ஓதலைத் தொடங்குங்கள். சுபுஹுத் தொழுகையை ஜமாஅத்தோடு தொழுங்கள். பிறகு, உங்கள் கடையாட்களைப் பற்றிச் சற்றுச் சிந்தியுங்கள்.

நம் பாட்டன்மார் ரஜூலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கில் வந்திறங்கினார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, கடையின் மேல்மாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். தம் பிள்ளை நடை பழகியதைக் கடிதத்தில் படித்தறிந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய அறையிலும் அமைதி இருந்தது. அதை அவர்கள் சுகமென்று சொல்லவில்லை.

இன்று பெர்மிட்டில் வந்து நம் கடையில் நிற்கும் தம்பியின் அறையிலும் அதே அமைதிதான். இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் படுக்கிறான். நமக்குப் பத்து நாள். அவனுக்கு இரண்டு ஆண்டு, சில வேளை அதற்கும் மேல். நமது அமைதி இனிப்பதெல்லாம் அது முடியும் தேதி நமக்குத் தெரியும் என்பதனாலன்றோ?

ஹஜரத் உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு மதீனாவில் சுற்றி வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் ஏங்குவதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்து, படைவீரர்களைச் சில மாதங்களுக்கு மேல் குடும்பத்தைப் பிரித்து வைக்கலாகாதென்று உத்தரவிட்டார்கள் என்பது வரலாறு. பேரரசொன்றை ஆண்டவர்கள் ஒரு வீட்டின் பிரிவுத் துயருக்குச் செவி கொடுத்தார்கள். நாலு ஆள் வைத்துக் கடை நடத்தும் நமக்கு அது இயலாததா?

ஆகவே, இந்தப் பத்து நாளில் ஓர் இரவு அந்தத் தம்பியை வீட்டுக்கு அழைத்து உடனிருந்து உண்ணுங்கள். ஊருக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். அவனுக்குச் சேர வேண்டிய விடுமுறையைத் தள்ளிப் போட்டிருந்தால் தேதி குறித்துக் கொடுங்கள். அவன் கடவுச்சீட்டு உங்கள் பெட்டியில் பூட்டிக் கிடந்தால் எடுத்து அவன் கையில் கொடுங்கள், அது அவனுடையது. சம்பளத்தில் பாக்கியிருந்தால் அன்றே தீர்த்துவிடுங்கள்.

பிரயாணத்தில் தோழனாகவும், விட்டுச் சென்ற குடும்பத்திற்குக் காவலனாகவும் இருப்பவன் நீயே என்று அல்லாஹ்விடம் முறையிடும் துஆவை நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நம் பெண்டு பிள்ளைகளுக்காக ஓதிய அந்த துஆவில், கடைத் தம்பியின் வீட்டாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் நாள் அவர்கள் திரும்பி வந்து, வீடு மீண்டும் இரைச்சலிடும்போது முகம் சுளிக்காமல் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லுங்கள்.

வல்ல ரஹ்மான் பிரிந்திருக்கும் குடும்பங்கள் அனைத்தையும் நலமே ஒன்று சேர்ப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.