நல்லா இருந்துச்சுன்னே சொல்லுங்க

காட்டுமன்னார்கோயில்காரர்களுக்கு மீன் இரண்டு திசையிலிருந்து வரும். கீழணையில் பிரிந்து வடவாறு வழியாக வந்து சேரும் கொள்ளிடத்துத் தண்ணீர் வீராணத்தில் நிற்கிறது. விராலும் கெண்டையும் அந்த ஏரி தருவது. இறாலும் நண்டும் சிதம்பரத்துக்கு அப்பால், பிச்சாவரம், பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும். நாற்பது வயதுக்கு மேல் எனக்குக் கிழக்குத் திசை அடைபட்டுப் போனது. இறால் தொக்கு சாப்பிட்ட ஒரு மதியம் உதடு வீங்கி, தொண்டை இறுகி, சிதம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் இறாலையும் நண்டையும் அடியோடு விடச் சொன்னார். ஏரி மீனுக்குத் தடையில்லை.

நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் என்ன என்று கேட்காதவர்கள் இல்லை. நம் கரையோர வெள்ளை இறாலை வைத்தே இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் பங்கேற்று 1993இல் வெளிவந்த ஆய்வு, இறாலில் ஒவ்வாமையைக் கிளப்புவது டிரோபோமயோசின் என்ற தசைப் புரதம் என்று காட்டியது. அது சூட்டுக்கு அழிவதில்லை. கொதிக்கும் தண்ணீரில் இறங்கிவிடும். சிலருக்கு அந்த ஆவியே போதும். நண்டிலும் கிட்டத்தட்ட இதே புரதம்தான். மீன் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாவது வேறொன்று.

ஆகவே எங்கள் வீட்டு அடுப்பில் இறால் ஏறுவது நின்றது. எனக்கு வந்த வியாதியில் நான்கு பேரின் ஞாயிற்றுக்கிழமை போனது. நாக்குக்குக் கிடைக்காததைவிட இதுதான் என்னை அதிகம் வருத்தியது. புரட்டாசியில் நாங்களும் அசைவம் தொடுவதில்லை. அந்த மாதம் பாரமாகத் தெரிந்ததேயில்லை. தெருவே சேர்ந்து விடுகிறது, ஐப்பசி பிறந்தால் தெருவே சேர்ந்து சாப்பிடுகிறது. எனக்கு வந்திருப்பது ஐப்பசி இல்லாத புரட்டாசி, அதுவும் எனக்கு மட்டும்.

உறவினர்கள் தங்கள் பங்குக்குப் பட்டியலை நீட்டினார்கள். கத்தரிக்காய் கரப்பான் பண்டம், கருவாடு கூடாது, வேர்க்கடலை கூடாது. அக்கறையில் சொன்னதுதான். ஆனால் என் உடம்பு எதை ஏற்கவில்லை என்பதை மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கத்தரிக்காய்க்கு என் உடம்பில் எந்தக் குற்றமும் இல்லை. சிதம்பரம் கொத்சு எனக்குத் திரும்பக் கிடைத்தது. வறுத்து அரைத்த மல்லியும் மிளகாயும் புளியில் கொதித்து, கத்தரிக்காய் குழைந்து, சம்பா சாதத்தோடு இலையில் விழும்போது வரும் அந்த மணத்தை ஒரு சந்தேகத்துக்காக ஆயுள் முழுக்க இழந்திருப்பேன். ஆபத்தானதை விட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு மேல் பயத்துக்காக ஒரு பருக்கையும் விடக்கூடாது என்று உறுதியாகவே நினைக்கிறேன்.

வெளியில் சாப்பிடுவதுதான் கடினம். பொட்டலத்தில் வருவதற்கு 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறை இருக்கிறது. இறால், நண்டு, மீன், முட்டை, பால், கடலை போன்றவை சேர்ந்திருந்தால் உறையில் அச்சிட வேண்டும். மெஸ்ஸில் வறுவல் எண்ணெய்க்கு உறை ஏது? மீன் பொரித்த சட்டியிலேயே இறாலும் பொரிந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். கேட்கும்போது பரிமாறுபவர் முகம் மாறுகிறது. கேட்டே ஆக வேண்டும்.

இப்போது பிள்ளைகள் சிதம்பரத்தில் என் அக்கா வீட்டுக்குப் போய் இறால் சாப்பிடுகிறார்கள். நான்தான் அனுப்புகிறேன். திரும்பி வந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்றால், "உப்பு தூக்கல்பா, நல்லாவே இல்ல" என்பாள் மகள். மகனும் தலையாட்டுவான். என் மனம் நோகக்கூடாது என்று சொல்கிற பொய் அது. அந்தப் பொய் என்னை நோகச் செய்தது. பிச்சாவரத்துக் கால்வாய்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி வந்து சேர்ந்த ஒன்றை நன்றாக இல்லை என்று எனக்காகச் சொல்ல வேண்டுமா? ருசியாகத்தான் இருந்தது என்று தெரிந்தால் ஏக்கம் கூடும், கூடட்டும். எனக்குப் பிடித்த ஒன்றை நினைத்து ஏங்குவதில் நோய் எதுவும் இல்லை. என் இறாலை வீட்டார் பேசாமலேயே விட்டுவிட்டால்தான் அது உண்மையில் என்னைவிட்டுப் போகும்.

இதை மகளிடம் சொன்னேன். "சொன்னா உங்களுக்கு ஆசை வரும்ல?" என்றாள்.

"வரும். நீ சொல்லு."

சொன்னாள். அத்தை சின்ன வெங்காயத்தை நிறைய வதக்கினாராம், பூண்டைத் தட்டிப் போட்டாராம், மிளகை இறக்கும் நேரத்தில் தூவினாராம், தம்பி சட்டியிலேயே சோறு போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டானாம். முருங்கைக்காய் சேர்த்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். மாசியில் காய் கொட்டிக்கிடக்கும்போது இறாலோடு முருங்கைக்காய் போடாமல் எப்படி என்று அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். அடுத்த வாரம் போடுகிறேன் என்றார்.