கூரை ஒழுகுகிறதா?

 

இந்த மாதம் கர்த்தர் என் உள்ளத்தில் பாரமாய் வைத்த வேதபகுதி பிரசங்கி 10:18. சாலொமோன் ராஜா அங்கே ஒரு வீட்டைக் காட்டுகிறார். சத்துரு வந்து அதை இடிக்கவில்லை, புயலும் அடிக்கவில்லை. பார்க்க வேண்டியவன் பார்க்காமல் விட்டான், அவ்வளவுதான்! கூரை இறங்கிவிட்டது, வீட்டுக்குள் மழை பெய்கிறது.

அன்றைய வீடு

நம்மில் அநேகர் ஓலை வீட்டில் பிறந்தவர்கள். பனையோலைக் கூரை, மண் சுவர், சாணி மெழுகிய தரை. அந்த வீடு நம்மைச் சும்மா இருக்க விடாது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஓலை மாற்றியாக வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னே செம்மண் குழைத்துச் சுவர் பூச வேண்டும். கிறிஸ்மஸ் நெருங்கினால் சுண்ணாம்புக் கல்லைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது குபுகுபுவென்று கொதிப்பதைப் பார்க்கப் பிள்ளைகள் சுற்றி நிற்போம். அப்பா வெள்ளையடிப்பார், அம்மா தரை மெழுகுவாள். வீட்டு வேலை எல்லாருக்கும் இருந்தது.

பிறகு ஓட்டு வீடு வந்தது. 1865-ல் மங்களூரில் பாசல் மிஷனரிமார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். இயேசுவை ஏற்றுக்கொண்டதினால் பிழைப்பை இழந்த விசுவாசிகளுக்கு வேலை கொடுத்தது அந்த ஊழியம். அந்த ஓட்டுக் கூரையிலும் வருஷத்துக்கு ஒருமுறை ஏறிப் பார்த்துத்தான் ஆகணும். பூனை ஓடினால்கூட ஓடு விலகிவிடும்.

இன்றைய வீடு

இன்று கான்கிரீட் வீடு. "இனி ஒரு கவலையும் இல்லை" என்று உட்கார்ந்துவிட்டோம். பிரியமானவர்களே, அங்கேதான் ஏமாந்துபோகிறோம். தலைமுடி அளவு விரிசல் போதும், தண்ணீர் இறங்கும். உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். துரு ஏற ஏற கம்பி வீங்கி, மேலே இருக்கிற பூச்சைத் தள்ளும். ஒருநாள் காரை பெயர்ந்து தலையில் விழும். மாடிச் சுவரில் ஒரு பறவை எச்சமிட்டுப் போகும், அதில் அரசங்கன்று முளைக்கும். இரண்டு இலை விடும்போது இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். இரண்டு வருஷம் விட்டுப் பாருங்கள், கடப்பாரை வேண்டும்!

ஓலை வீடு "என்னைக் கவனி" என்று வருஷந்தோறும் கேட்டது. கான்கிரீட் வீடு கேட்பதில்லை. கேட்காததினால் நாம் பார்ப்பதில்லை.

என் சாட்சி

வெட்கத்தோடே இதை எழுதுகிறேன். அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு அம்மா ஊரிலே பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார்கள். "ஐயா, அடுக்களைப் பக்கம் ரெண்டு ஓடு விலகிக் கிடக்கு. மழைக்கு முன்னால ஆள் விட்டு மாத்திரு" என்றார்கள். "கன்வென்ஷன் முடியட்டும்மா" என்றேன். அண்ணன் பார்ப்பார் என்று நான் நினைத்தேன். தம்பி பார்ப்பான் என்று அண்ணன் நினைத்தார். பங்கு பிரியாத வீட்டுக்கு மூன்று சொந்தக்காரர், ஓடு மாற்ற ஒருவனும் இல்லை!

மழை வந்தது. அந்த இரண்டு ஓட்டு இடைவெளியில் இறங்கின தண்ணீர் மண் சுவரை ஊறவைத்தது. ஒருநாள் விடியற்காலையில் அடுக்களைச் சுவர் சரிந்தது. அந்த நேரத்தில் அம்மா பட்டாசாலையில் முழங்காலில் நின்றிருந்தார்கள். கர்த்தர் காத்தார், ஸ்தோத்திரம்!

முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "சுவத்தை நீ கட்டிருவ. உங்கப்பா இருந்தவரைக்கும் இந்த வீட்டுல ராத்திரி ஜெபம் நின்னதில்ல. உன் வீட்டுல இப்ப ஜெபம் நடக்குதா?" என்று கேட்டார்கள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஊரார் வீட்டிலெல்லாம் ஜெபித்தேன். என் வீட்டில் மனைவி அடுப்பண்டை, மகன் போனோடே, நான் பிரசங்கக் குறிப்போடே. இரண்டு ஓடு அங்கே மட்டுமா விலகியிருந்தது?

நாம் செய்ய வேண்டியது

ஒன்று, உள்ளே போய்ப் பாருங்கள். லேவியராகமம் 14-ம் அதிகாரத்தில் சுவரில் தோஷம் கண்டால் வீட்டுக்காரன் தானே போய் ஆசாரியனிடம் சொல்ல வேண்டும். ஆசாரியன் வந்து பார்ப்பான், ஏழு நாள் பொறுத்து மறுபடியும் பார்ப்பான். தோஷம் படர்ந்திருந்தால் அந்தக் கல்லைப் பெயர்த்து, சுற்றிலும் சுரண்டி, புதுக் கல் வைத்துப் பூசச் சொல்லுவான். மேலே சுண்ணாம்பு அடித்து மறைக்கிற வேலை அங்கே கிடையாது! கசப்பு என்கிற கல் உண்டா? பேசாமல் இருக்கிற சகோதரன் உண்டா? அதைப் பெயர்த்துப் போடுங்கள்.

இரண்டு, உங்கள் வீட்டுக்கு எதிரே கட்டுங்கள். நெகேமியா 3-ம் அதிகாரத்தில் எருசலேம் அலங்கத்தைக் கட்டினவர்களில் பலர் அவரவர் வீட்டுக்கு எதிரான பங்கைப் பழுதுபார்த்தார்கள். சல்லூம் தன் குமாரத்திகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். தெக்கோவாவின் பெரிய மனுஷரோ குனியவில்லை, அதுவும் எழுதப்பட்டிருக்கிறது.

மூன்று, பெற்றோரின் வீட்டை மறவாதிருங்கள். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வதே வீட்டில் தேவபக்தியின் முதல் பாடம் என்று 1 தீமோத்தேயு 5:4-ல் பவுல் போதிக்கிறார். காணிக்கைப் பெட்டியில் போடுகிற கை, அம்மா வீட்டு ஓட்டையும் மாற்றட்டும்.

அந்த மாதமே சகோதரர் மூவரும் சேர்ந்து சுவரைக் கட்டினோம். என் வீட்டிலும் இராத்திரி எட்டு மணிக்குப் பாய் விரித்தோம். முதல் வாரம் மகன் முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. பிறகு ஒருநாள், "அப்பா, நான் வாசிக்கட்டா?" என்று அவனே வேதத்தை எடுத்தான். அல்லேலூயா!

தேவ பிள்ளையே, உன் வீட்டில் எந்த ஓடு விலகியிருக்கிறது? நாளைக்கு என்று சொல்லாதே. மேகம் கறுத்திருக்கிறது. இன்று இராத்திரி குடும்பமாய் முழங்காற்படியிடு.

ஜெபம்: அன்புள்ள பிதாவே, நாங்கள் கவனியாமல் விட்டதை எங்களுக்குக் காண்பியும். இடிந்துபோன குடும்ப பலிபீடத்தைச் செப்பனிட எங்களுக்குப் பெலன் தாரும். எங்கள் வீட்டின் தலைவராக நீரே வந்து தங்கியிரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.