வாள் இருக்கிறது, ஏந்திய கை எங்கே?

படையிலே பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர். நெய்வேலி நகரியத்தில், சுரங்கத்தில் உழைக்கும் மகனுடைய இல்லத்தில் வாழ்கிறார். வைகறையில் பேருந்து ஏறிச் சென்னை சென்று, செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தைக் கண்டு, இரவுக்குள் திரும்புகிறார் என்று கொள்வோம். அங்கே அவர் காண்பது என்ன?

1795இல் எழுந்த கட்டடம்; 1948 முதல் அருங்காட்சியகம். வாள்கள் உண்டு, துப்பாக்கிகள் உண்டு, சீருடைகள் உண்டு, பதக்கங்கள் உண்டு. ஆளுநர்களின் ஓவியங்கள் உண்டு. கார்ன்வாலிசுக்குச் சிலையும் உண்டு. ஆண்டவனுக்கு முகம் இருக்கிறது, அவனுக்காக மாண்டவனுக்கு? வாள் இருக்கிறது, அதை ஏந்திய கை எங்கே?

இது கண்ணாடிப் பேழைக்குள் அடங்கிவிடும் கேள்வியன்று. முதல் உலகப்போரில் மெசபொடேமியாவில் மாண்டு, கல்லறையும் அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்காக 1929இல் பாஸ்ராவில் நினைவுச் சின்னம் எழுந்தது. வெள்ளையருக்குப் பெயர் பொறித்தனர். இந்திய அதிகாரிகளுக்கும் பொறித்தனர். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ, படைப்பிரிவின் பெயரும் மாண்டோர் எண்ணிக்கையுமே மிஞ்சின! குருதி ஒரே நிறம். கல்லிலே மட்டும் மேல், கீழ்!

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அமைத்த குழுவே 2021இல் இதை ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டனர். மேலும் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றது அறிக்கை. ஆணையம் மன்னிப்பும் கேட்டது.

நம் மண்ணின் மரபு வேறு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல், ஆநிரைப் பூசலில் வீழ்ந்த அந்தவன் என்பவனின் பெயரைத் தமிழ் எழுத்தில் சுமந்து நிற்கிறது. அவன் மன்னனல்லன், மாளிகைவாசியல்லன். இருந்தும் பெயர் வாழ்கிறது!

“கும்பினிப் படையின் சிப்பாய் அன்னியனுக்காகச் சொந்த நாட்டாரையே சுட்டவனாயிற்றே, அவனுக்குமா பெயர்?” என்று கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். வறுமை அவனைப் படைக்குத் தள்ளியது என்பது உண்மை. ஆயினும் வறுமை எல்லாச் செயலையும் நியாயமாக்கிவிடாது. பெயரைப் பொறிப்பது பாராட்டு மட்டுமன்று, பொறுப்பும்கூட. பெயரற்றவனைப் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது.

கட்டளைக்குப் பணிந்தவனும் மனிதனே என்பதற்கு வேலூர் சான்று. 1806 சூலை 10இல் அங்கே சிப்பாய்கள் எழுந்தனர். புதுத் தலைப்பாகையை அணி, நெற்றிக் குறியை நீக்கு, தாடியைத் திருத்து என்ற ஆணைகள் அவர்களைக் கொதிக்க வைத்த காரணங்களுள் அடங்கும். நெற்றிக் குறிகளை நாம் போற்றுவோரல்லோம். ஆயினும் அறிவால் விலக்குவது வேறு, அதிகாரத்தால் அழிப்பது வேறு. எண்ணிப் பார்த்து விடுவது விடுதலை. அஞ்சி விடுவது அடிமைத்தனம்! அந்தச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர்.

ஆகவே வீரனை மதிப்போம், போரை வழிபடமாட்டோம். வாளுக்கருகே மூன்று விடைகளைக் கேட்போம்: ஏந்தியவன் யார்? ஏவியவன் யார்? ஆதாயம் அடைந்தவன் யார்? இம்மூன்றும் இல்லாத அருங்காட்சியகம் ஆயுதக் கிடங்கு. இருந்தால் அது அறிவுக்கூடம்.

நெய்வேலிக்கும் இது பொருந்தும். 1957 மே 20இல் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தவர் நேரு என்பதை ஏடுகள் சொல்கின்றன. மண்ணை வெட்டிய கைகளையும், நிலத்தை விட்டுப் பெயர்ந்த உழவரையும் யார் சொல்வது? தோழர்களே, உங்கள் ஊரின் முதியவர்களிடம் செல்லுங்கள், கேளுங்கள், எழுதி வையுங்கள். பெயர்களைத் தொலைத்த சமுதாயம் உரிமைகளையும் தொலைக்கும்!