புழுவுக்கு ஓராண்டு, தொண்டருக்கு இரண்டு வாரம்

வெளிநாட்டுக்குப் போய் ஏழைப் பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துவிட்டு, மூன்றாவது வாரம் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்குப் பெயர் தொண்டு இல்லை, சுற்றுலா. சுற்றுலாவில் தப்பே கிடையாது. உழைத்துச் சம்பாதித்த காசில் கணவனும் மனைவியும் பாலிக்கோ அந்தமானுக்கோ போய் நாலு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டு வருவதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தச் சந்தோஷத்துக்கு ஓர் ஏழையை எதற்காகச் சாட்சிக்கு அழைக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் பிறந்து, சென்னையிலும் பெங்களூருவிலும் கணினி வேலை பார்க்கிற இளம் தம்பதிகள் சிலர் இப்போது இப்படிப் போக ஆசைப்படுகிறார்கள். பணம் கட்டினால் கம்போடியாவிலோ நேபாளத்திலோ ஓர் அனாதை இல்லத்தில் சேர்த்துவிட ஏற்பாடு இருக்கிறது. தங்குவதற்கு அறை, வாரக் கடைசியில் ஊர் சுற்றல், முடிவில் ஒரு சான்றிதழ். போகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. மனசு இருக்கிறவர்கள்தான். ஆனால் கொடுப்பவனின் மனசை மட்டும் பார்த்து ஒரு செயலுக்கு மதிப்புப் போடுகிற வழக்கத்தைத்தான் 1925இல் சுயமரியாதை இயக்கம் தொடங்கிய நாளிலிருந்து நாம் எதிர்த்து வந்திருக்கிறோம். கோயில் வாசலில் அன்னதானம் போடுகிறவருக்கும் மனசு இருக்கத்தான் செய்கிறது. அவருக்குப் புண்ணியம் வேண்டும். புண்ணியம் கிடைக்க எதிரே ஒருவன் பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். நாளை எல்லாருடைய பசியும் தீர்ந்துவிட்டால் அவருக்குப் புண்ணியம் சேர்க்க வழியில்லை. புண்ணியத்தை நம்பாத தலைமுறை அதே இடத்தில் இப்போது ‘அனுபவம்’ என்பதை வைத்திருக்கிறது. ஏழையின் இடம் மட்டும் மாறவில்லை.

என் அக்கா மகள் கேட்டாள்: “நாங்க போகலைன்னா அந்தப் பிள்ளைங்களுக்கு அந்த ரெண்டு வாரமும் கிடைக்காதே மாமா?” நியாயமான கேள்வி. பதிலை உணர்ச்சியில் தேடாமல் உண்மையில் தேட வேண்டும். கம்போடியாவின் காப்பகங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறவர்கள் என்று 2011இல் யுனிசெஃப் சொன்னது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அந்த நாட்டில் அனாதைகள் பெருகவில்லை, அனாதை இல்லங்கள் பெருகின. பார்க்க வருகிறவர்கள் இருந்தார்கள், பணம் வந்தது, ஆகவே பிள்ளைகள் வேண்டியிருந்தார்கள். வறுமையில் இருந்த பெற்றோரிடம் படிப்பும் சோறும் தருவதாகச் சொல்லிப் பிள்ளைகளை வாங்கி வந்தார்கள். ஆஸ்திரேலியா 2018இல் கொண்டுவந்த நவீன அடிமைமுறைச் சட்டத்தை ஒட்டி, இப்படிப் பிள்ளைகளைக் காப்பகங்களுக்குக் கடத்துவதையும் அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது. நீ போகாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு வாரம் போய்விடும் என்கிறாயே அம்மா, நீயும் உன்னைப் போன்றவர்களும் போவதால்தான் அந்தப் பிள்ளைக்கு வீடே போயிருக்கிறது.

“அப்படின்னா நம்ம மலைக்கே போறோம்” என்பது அடுத்த பேச்சு. கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குக் கல்வராயன் மலை கூப்பிடு தூரம். கோமுகி அணையைத் தாண்டி மேலே ஏறினால் வெள்ளிமலை. அருவி பார்க்க வருகிற கார்கள் சாலையோரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கதவு திறக்கும், பிஸ்கட் பாக்கெட்டுகள் வெளியே வரும், பிள்ளைகள் வரிசையாக நிறுத்தப்படுவார்கள், சிரிக்கச் சொல்வார்கள், படம் எடுப்பார்கள். ஒரு பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்காமல் கார் கிளம்பிவிடும். கார்ச் சத்தம் கேட்டால் கை நீட்ட வேண்டும் என்பதுதான் அந்தப் பிள்ளைகள் அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடம். அந்தமான் தீவில் ஜாரவா மக்களிடம் நடந்ததும் இதுதான். காட்டுச் சாலையில் போகிற சுற்றுலா வண்டிகளிலிருந்து பழமும் பிஸ்கட்டும் வீசினார்கள். சாப்பாட்டுக்காக அவர்களை ஆடவைத்த காட்சி 2012இல் வெளிவந்து உலகமே தலைகுனிந்தது. தீவு பார்க்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்: அங்கே அவர்களைப் படம் எடுப்பதும் தின்பண்டம் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். இங்கே கல்வராயன் மலையில் அப்படிச் சட்டம் இல்லை என்பதால் அதே செயல் கருணை ஆகிவிடாது.

தொண்டு எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டுமென்றால் இதே மலைகளில் ஒரு தம்பதி இருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த கணவர் ஜெஸ்ஸி பிராண்ட், மனைவி ஈவ்லின் பிராண்ட். 1913இல் திருமணம் செய்துகொண்டு கொல்லிமலையில் குடியேறினார்கள். அன்று அது சேலம் மாவட்டம். ஜெஸ்ஸி மருத்துவப் பயிற்சி பெற்றுவிட்டு வந்தவர். 1914இல் அவர்களுக்குப் பிறந்த மகன்தான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் மறுபடி இயங்க வைத்த டாக்டர் பால் பிராண்ட். 1929இல் ஜெஸ்ஸி மலேரியாவால் வருகிற கருநீர்க் காய்ச்சலில் செத்துப்போனார். ஈவ்லின் அந்த வேலையைக் கைவிடவில்லை. ஓய்வு வயது வந்து மிஷன் அவரை விடுவித்தபோது எழுபதை நெருங்கியிருந்தார். ஊருக்குப் போகாமல், சொந்தப் பொறுப்பில் மலையிலேயே தங்கிவிட்டார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று ஒவ்வொரு மலையாக மட்டக்குதிரையில் ஏறிப் போனார். 1974இல், 95 வயதில் இறக்கும் வரை இதுதான் அவருடைய வாழ்க்கை. கடைசி இருபது ஆண்டு வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார்.

அவர்கள் வந்தது மதத்தைப் பரப்ப. அதை நான் ஏற்கவில்லை. வலியில் துடிக்கிறவனுக்கு மறுத்துப் பேசும் தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் மருந்தோடு சேர்த்து வேதத்தையும் நீட்டுவது நியாயம் இல்லை. ஆனால் ஈவ்லின் அந்த மலைகளில் செய்த ஒரு வேலையைப் பகுத்தறிவுள்ள எவனும் தலைவணங்கி ஏற்கத்தான் வேண்டும். அது நரம்புச்சிலந்தியை விரட்டிய வேலை.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நோய் தெரியாது. தெரியாமல் போனதே ஒரு வெற்றி. குளத்து நீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நெளிகிற நீர்த்தெள்ளுக்குள் அந்த நோயைத் தரும் புழுவின் குஞ்சு இருக்கும். தண்ணீரோடு அது வயிற்றுக்குள் போகும். போன அன்று ஒன்றும் ஆகாது. அடுத்த மாதமும் ஆகாது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, பெரும்பாலும் காலில், ஒரு கொப்புளம் எழும்பும், நெருப்பாய் எரியும். கொப்புளம் உடைந்தால் உள்ளே நூல் போல வெள்ளையாய் ஒரு தலை தெரியும். புழுவின் நீளம் ஒரு மீட்டர் வரை போகும். இழுத்தால் அறுந்து உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி, நாளைக்கு ஓரிரு அங்குலமாக, வாரக்கணக்கில் உருவ வேண்டும். எரிச்சல் தாங்காமல் ஆள் என்ன செய்வான்? ஓடிப்போய்க் காலைத் தண்ணீரில் வைப்பான். புழு காத்திருந்ததே அதற்குத்தான். தண்ணீர் பட்டதும் ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைக் கக்கும். அதே தண்ணீரைத்தான் ஊர் குடிக்கும்.

இதற்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. சாமி கும்பிட்டாலும் ஜெபம் செய்தாலும் போகாது. குடிதண்ணீரைத் துணியில் வடிகட்ட வேண்டும், கிணற்றைச் சுற்றி யாரும் காலை இறக்க முடியாதபடி சுவர் எழுப்ப வேண்டும், புண்ணுள்ளவன் நீரில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈவ்லின் ஊர் ஊராகப் போய்ச் சொல்லியும் சுவர் கட்டச் செய்தும் சாதித்தது அதைத்தான். பின்னால் இந்திய அரசு நாடு முழுக்க அதே வழியில் போய், 2000இல் இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது.

இதில் யோசிக்க வேண்டியது காலக்கணக்கு. போன வருஷம் குடித்த தண்ணீருக்கு இந்த வருஷம் புண். இந்த வருஷம் வடிகட்டினால் பலன் அடுத்த வருஷம். ஓர் ஊரில் இரண்டு வாரம் இருக்கிற தொண்டருக்கு நோய்க்குக் காரணமும் தெரியாது, தான் செய்ததன் விளைவும் தெரியாது. புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, நன்றியை வாங்கிக்கொண்டு, கண்ணீரோடு விடைபெறுவார். வறுமைக்கும் இதேபோல ஒரு காலக்கணக்கு உண்டு. பிள்ளை எதனால் பள்ளியை விட்டது, கர்ப்பிணி எதனால் கடைசி நிமிஷத்தில் மலை இறங்கினாள் என்பதற்கான காரணம் போன வருஷத்தில் இருக்கும். அதை அறிய அங்கேயே கிடந்திருக்க வேண்டும்.

தம்பதியாக வெளிநாட்டில் தொண்டு செய்கிறவர்களையும் நான் ஒட்டுமொத்தமாகத் தள்ளவில்லை. 1961இல் அமெரிக்க அரசு தொடங்கிய பீஸ் கோர் அமைப்பில் கணவன் மனைவி சேர்ந்து போகலாம். மூன்று மாதம் அந்த ஊர் மொழியும் வேலையும் படித்துவிட்டு, இரண்டு ஆண்டு அங்கே இருக்க வேண்டும். அவர்களுக்கும் மாதம் இரண்டு நாள் கணக்கில் விடுப்பு உண்டு. பக்கத்துத் தீவுகளைப் பார்க்கிறார்கள். அந்த விடுமுறை உழைத்தவனுக்கு வருகிற விடுமுறை. அதில் யாருக்கு என்ன வருத்தம்? விடுமுறைக்குள் தொண்டைச் செருகுவதுதான் எனக்கு ஆகாதது.

கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில், தருமபுரி மாவட்டத்தில், சிட்லிங்கி பள்ளத்தாக்கு இருக்கிறது. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1993 முதல் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் வந்த காலத்தில் ஆயிரம் குழந்தை பிறந்தால் 147 குழந்தை ஒரு வயதுக்குள் செத்துக்கொண்டிருந்தது; அந்த எண்ணிக்கையை இருபதை ஒட்டிக் குறைத்ததாக அவர்கள் சொல்கிறார்கள். ஒரு குடிசையில் தொடங்கினார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம். டாக்டர் நாளைக்கே ஊரை விட்டுப் போனாலும் கற்றது அந்தப் பெண்களிடம் இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், தொண்டால் ஆகாத காரியம் ஒன்று உண்டு. ஈவ்லின் சுற்றிவந்த காலம் முழுக்கக் கல்வராயன் மலை பரம்பரை நிலக்கிழார்களான ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டு கழித்து, அவர் இறந்தும் இரண்டு ஆண்டு கழித்து, 1976இல்தான் அது முழுதாக அரசின் கைக்கு வந்தது. புழுவை ஒரு கிழவியின் உழைப்பால் விரட்ட முடிந்தது. ஜாகீரைச் சட்டம்தான் விரட்டியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி, வேலை ஆகியவை பற்றி நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது. இவற்றில் எதுவும் யாரோ இரக்கப்பட்டுத் தர வேண்டியது இல்லை. குடிமக்களுக்கு அரசு பட்ட கடன்.

மலையிலிருந்தும் தம்பதிகள் வெளியூர் போகிறார்கள். குடகில் காப்பி பறிக்க, கேரளத்தில் மிளகு பறிக்க. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, மழை பொய்த்த வருஷம் நாலைந்து மாதம். அவர்கள் பறித்த காப்பியைத்தான் நாம் குடிக்கிறோம். அவர்கள் உழைப்புக்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. அவர்களைப் பார்த்து இரக்கப்பட வேண்டாம். அவர்கள் நிலத்துக்குப் பட்டா கிடைத்ததா என்று கேளுங்கள்.

படித்த தம்பதிகளே, தீவு பார்க்க ஆசையா? போய்ப் பாருங்கள். அங்கே படகோட்டுகிறவருக்கும் அறை கூட்டுகிறவருக்கும் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். தொண்டு செய்ய ஆசையா? அதற்கு வேறு நாள் ஒதுக்குங்கள். மலையில் படித்தவர்கள் செய்யக் காத்திருக்கிற வேலை உண்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பம் அந்த நிலத்துக்கு உரிமை கோரலாம். கிராம சபையில் மனுக் கொடுக்க வேண்டும், ஆதாரம் சேர்க்க வேண்டும், முடிவு பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். எழுதத் தெரிந்தவர், அலுவலகத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கத் தெரிந்தவர், மனுவின் கதி தெரியும் வரை கூடவே அலையத் தயாராக இருப்பவர் வேண்டும். முதலில் அந்த ஊர்க்காரர்களிடம் போய், நாங்கள் வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். வாருங்கள் என்றால் அந்த 60 நாளும் அங்கே இருங்கள்.