மாடிக்குக் கைப்பிடிச் சுவர்

வேளாங்கண்ணித் திருவிழாவிற்குச் சில வாரங்களே இருந்த ஒரு மாலையில், கதிர்காமத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்; புதுவையில் இத்தகையோரை நாம் 'சொல்தா' என்போம். பழைய வேன் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கைப் பலகையும் தண்ணீர்த் தொட்டியும் சிறிய சமையல் மேடையும் அமைத்திருந்தார். மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகளோடு வில்லியனூர், பூண்டி, வேளாங்கண்ணி என்று மாதா திருத்தலங்களைச் சுற்றிவர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "வண்டியை மந்திரிச்சுக் கொடுங்க சாமி" என்றார்.

தீர்த்தச் செம்போடு வெளியே வந்தேன். சமையல் மேடைக்கு அடியில் சிறிய எரிவாயு உருளை ஒன்று கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து புறப்பட்ட ரப்பர் குழாய், தகரத்தில் போட்ட துளை வழியாக அடுப்புக்குச் சென்றது. துளையின் விளிம்பு கூராக இருந்தது.

"யார் பொருத்தியது?"

"நானேதான் சாமி. ஐரோப்பாவுல வீடு மாதிரி வண்டி வச்சிருக்காங்க. நிரப்பிக்கிற சிலிண்டரைத் தாங்களே மாட்டிக்கிறவங்க அங்க நிறைய பேர். மெக்கானிக்குக்குக் காசு கொடுப்பானேன்? அவனுக்கு என்னைவிட அதிகமாத் தெரியுமா?"

"தீர்ந்தால் எங்கே நிரப்புவீர்கள்?"

"வீட்டு சிலிண்டரிலிருந்து நானே மாத்திக்குவேன். மாதா இருக்காங்க, காப்பாத்துவாங்க."

அன்று நான் மந்திரிக்கவில்லை. இதில் அனுபவம் உள்ள ஒருவரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் முகம் வாடிற்று. அன்றிரவு எனக்கும் உறக்கம் வரவில்லை. ஓர் எளிய மனிதரின் பக்தியையும் உழைப்பையும் அவமதித்துவிட்டேனோ? தன் கையால் செய்துகொள்வதா, தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதா என்பது காசைப் பற்றிய கேள்விதானே, இதில் குருவானவருக்கு என்ன வேலை? இக்கேள்விகளைப் பல நாள் எண்ணிப் பார்த்தேன். அவ்வெண்ணங்களையே இங்கு வாசகர்முன் வைக்கிறேன்.

தன் கையால் செய்வது இழிவன்று. நம் ஆண்டவரே நாசரேத்தில் தச்சுப் பட்டறையில் உழைத்தவர். உழைப்பினால் மனிதன் பொருளை மட்டுமன்றித் தன்னையே உருவாக்குகிறான் என்பதை, 1981-இல் வெளியான 'லாபோரம் எக்சர்சென்ஸ்' சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் விரிவாக விளக்கினார். ஆகவே, பெரியவரின் உழைப்பில் குறை காண எனக்கு உரிமையில்லை. ஆனால் புனித தோமா அக்குவினாஸ் ஒரு வேறுபாட்டை நமக்குக் கற்பிக்கிறார். ஒரு பொருளைச் சரியாகச் செய்யும் அறிவு கலைத்திறன். ஒரு செயலைச் சரியாகச் செய்யும் அறிவு விவேகம். நல்ல தச்சன் விவேகமற்றவனாகவும் இருக்கலாம். குழாயை இறுக மாட்டத் தெரிந்திருப்பது கலைத்திறன். இதை இங்கே, இத்தனை பேர் உறங்கும் இடத்தில் மாட்டலாமா என்று கேட்பது விவேகம். பெரியவரிடம் முன்னது இருந்தது. பின்னதை நாங்கள் இருவரும் தேட வேண்டியிருந்தது.

விவேகத்திற்கு முதலில் வேண்டுவது, பொருளின் இயல்பை அறிவது. நாம் சமைக்கும் எரிவாயு, புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்டது. வெளியேறினால் ஏறத்தாழ 250 மடங்கு விரியும். காற்றைவிடக் கனமானது, ஆதலால் மேலே போகாமல் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றக்கூடும். அதற்கு இயல்பில் மணமில்லை. நம்மை எச்சரிக்கவென்றே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். வீட்டுச் சமையலறையில் கசிந்தால் கதவைத் திறக்கலாம். ஆறு பேர் படுத்துறங்கும் மூடிய வேனில் அது அவர்களுடைய படுக்கைக்கு அடியிலேயே குளம்போல் தேங்கிவிடும்.

இனி, பெரியவர் ஐரோப்பாவில் கண்டதை எண்ணிப் பார்ப்போம். அங்குள்ள ஊர்திகளில் உருளைக்கென்று தனி அறை உண்டு. மக்கள் இருக்கும் பகுதிக்கும் அதற்கும் இடையே காற்றுப் புகாத தடுப்பு இருக்கும். கசிந்த வாயு தெருவில் இறங்கிப் போகும்படி அடித்தளத்தில் துளை இருக்கும். பயணியே நிரப்பிக்கொள்ளும் உருளையில், எண்பது விழுக்காடு நிரம்பியதும் தானாகவே மூடிக்கொள்ளும் அடைப்பான் உண்டு. ஏன் எண்பது? வெயிலில் நீர்மம் விரியும். விரிவதற்கு உள்ளே இடம் வேண்டும். இடமின்றி நிரப்பிய உருளையை நம் கத்திரி வெயிலில் நிறுத்தினால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளுக்கு வரும் 14.2 கிலோ உருளையில் அத்தகைய அடைப்பான் கிடையாது. நிரப்பும் நிலையத்தில் எடைபோட்டு அளவோடு நிரப்புகிறார்கள். அதிலிருந்து வேறொன்றுக்குக் கைக்கணக்கில் மாற்றுவதை 2000-ஆம் ஆண்டின் எரிவாயு விநியோக ஆணை தடைசெய்வது, மக்களை வருத்துவதற்காக அன்று. அயல்நாட்டு உருளையைக் கண்ட பெரியவரின் கண்ணுக்கு, அதனுள் மறைந்திருந்த காப்பு தெரியவில்லை. நமக்குத் தெரியாதது இன்னதென்றே நமக்குத் தெரியாமல் இருப்பதே பேராபத்து.

அக்குவினாஸ் விவேகத்தின் உறுப்புகளுள் ஒன்றாகக் கற்றுக்கொள்ளும் பணிவைக் குறிப்பிடுகிறார். செயல்கள் எண்ணற்ற வகையின. ஒருவரே அனைத்தையும் கண்டறிய இயலாது. ஆகவே, பிறரிடம், குறிப்பாக அனுபவம் மிக்கவரிடம் கேட்டறிவது எவருக்கும் இழிவன்று என்பது அவர் கருத்து. தேர்ந்தவரை நாடுவது பணம் படைத்தோரின் வசதி மட்டுமன்று. அது ஒரு நற்பண்பு. தெரிந்துகொள்ள முயலாதவனின் அறியாமை அவனைக் குற்றத்தினின்று விடுவிப்பதில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் கற்பிக்கிறது.

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில் நாம் பெரிதும் கவனிக்காத கட்டளை ஒன்று உண்டு. புது வீடு கட்டுவோர் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவரேனும் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வராதிருக்கும்பொருட்டு. திறந்த குழியை மூடாமல் விட்டவன் அதில் விழுந்த மாட்டுக்கு ஈடு செய்யவேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூல். வீடு கட்டியவன் யாரையும் தள்ளிவிடவில்லை. குழி தோண்டியவன் மாட்டை விரட்டவில்லை. ஆயினும் இறைவன் கணக்குக் கேட்கிறார். 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சிவில் சட்டம் நம் புதுவைக்குப் புதிதன்று. அதன் 1384-ஆம் பிரிவும், ஒருவன் தன் காவலில் உள்ள பொருளால் விளையும் கேட்டிற்கும் பொறுப்பாவான் என்றது. 'கொலை செய்யாதே' என்னும் ஐந்தாம் கட்டளை கத்தி எடுப்பவனோடு முடிந்துவிடுவதில்லை. அது கைப்பிடிச் சுவர் வரைக்கும், ரப்பர் குழாய் வரைக்கும் நீள்கிறது. நான் மட்டும் செல்லும் வண்டியானால் என் உயிரைப் பற்றி இறைவனுக்குக் கணக்குக் கொடுப்பேன். பேரப்பிள்ளை உறங்கும் வண்டியில் எத்தனை உயிருக்குக் கணக்குக் கொடுப்பேன்?

'மாதா காப்பாத்துவாங்க' என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. அதில் உண்மையான விசுவாசம் இருக்கிறது. எனினும், ஆலயத்தின் உச்சியில் ஆண்டவரை நிறுத்திய அலகை, வானதூதர் தாங்குவர் என்ற திருப்பாடலின் வாக்கையே எடுத்துக்காட்டிக் குதிக்கச் சொன்னதை மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோம். இறைவனைச் சோதிக்கலாகாது என்று ஆண்டவர் மறுத்துவிட்டார். படிக்கட்டு இருக்கும்போது குதித்துவிட்டுத் தூதரை எதிர்பார்ப்பதை நம்பிக்கை என்று சொல்ல முடியாது. இறைவன் நமக்கு அளித்த அறிவும், அயலாரின் திறமையும், சட்டத்தின் காவலும் அப்படிக்கட்டுகளே அன்றோ?

2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில் நிகழ்ந்ததை நாம் மறக்கலாகாது. லக்னோவிலிருந்து தென்னாட்டுத் திருத்தலங்களைத் தரிசிக்கத் தனிப்பெட்டி அமர்த்தி வந்த பயணிகள். மதுரை ரயில் நிலையத்தருகே பெட்டி தனியே நிறுத்தப்பட்டிருந்தது. விதிகளுக்கு மாறாக உள்ளே கொண்டுவந்திருந்த எரிவாயு உருளையைக் கொண்டு, விடியற்காலையில் தேநீர் தயாரிக்க முயன்றபோது தீப்பிடித்தது. ஒன்பது பேர் இறந்தனர். அவர்கள் தீயவர்கள் அல்லர். இறைவனைத் தேடிப் புறப்பட்டவர்கள். நம் பெரியவரைப் போலவே, குடும்பத்தோடு ஒரு வாய் சூடாகக் குடிக்க விரும்பியவர்கள். பக்திப் பயணம் என்பதற்காக நெருப்பு தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை.

இவ்வளவும் எழுதிய நான், தேர்ந்தவர் கைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. பார்க்காமலே கையெழுத்திட்டு முத்திரை குத்துவோரும் நம்மிடையே உண்டு. அவர்களின் குற்றம், அறியாமல் செய்தவனின் குற்றத்தினும் பெரிது. ஏனெனில், அவர்கள் விற்பது பிறருடைய நம்பிக்கையை. மற்றொன்றையும் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தோர் முகவரிச் சான்று இல்லாமையால் நெடுங்காலம் எரிவாயு இணைப்புப் பெற இயலாதிருந்தனர். தெருக்கடையில் கிலோக் கணக்கில் நிரப்பிக்கொண்டனர். 2013 முதல் 5 கிலோ உருளையை அடையாளச் சான்று காட்டியே வாங்க வழி பிறந்தது. ஆபத்தான வழியில் நடப்பவனைக் கண்டிக்குமுன், நேரான வழி அவனுக்குத் திறந்திருந்ததா என்று கேட்பது நீதி. பெரியவருக்கு அவ்வழி திறந்தே இருந்தது. அதனால்தான் அவரிடம் மறுத்துச் சொல்லத் துணிந்தேன்.

துணிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நான் இளங்குருவாக இருந்த நாளில், பங்குத் திருவிழா விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தபோது உருளையின் வாயில் 'ஸ்' என்ற ஓசை கேட்டது. உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. வேறு உருளை கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். நானோ குளியல் சோப்பைக் குழைத்து அப்பிவிட்டு, 'இனி ஒன்றுமில்லை, சமையுங்கள்' என்றேன். சோப்பு நீர் கசிவைக் காட்டுமே ஒழிய, சோப்பு கசிவை அடைக்காது. சற்று நேரத்தில் குப்பென்று தீ எழுந்து, சமைத்துக்கொண்டிருந்த அம்மாவின் முழங்கையைச் சுட்டது. கேட்டவர்களிடமெல்லாம், 'என் கவனக்குறைவுதான்' என்று அந்த அம்மா சொன்னார். சாமியார் பேர் கெட்டுவிடக் கூடாதென்று சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகே அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். சோப்பை அப்பியது அறியாமை. பின்னர் மௌனமாக இருந்தது பாவம். அந்தத் தழும்பு அவர் கையில் இருந்தது, என் மனத்திலும் இருக்கிறது.

பெரியவர் பத்து நாள் கழித்து வந்தார். எரிவாயுப் பணியில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் வண்டியைக் காட்டியிருக்கிறார். அவர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, 'இந்த வண்டியில் பாதுகாப்பாகப் பொருத்த இடமில்லை. எத்தனை ரூபாய் கொடுத்தாலும் நான் மாட்ட மாட்டேன்' என்று சொல்லி, கூலியும் வாங்கவில்லையாம். "கோபம்தான் வந்துச்சு சாமி. அப்புறம் யோசிச்சேன். காசு வேண்டாம்னு சொல்லிட்டுப் போறவன் பொய் சொல்ல மாட்டான்" என்றார். தேர்ந்தவரின் மதிப்பு அவர் செய்துகொடுப்பதில் மட்டுமன்று, செய்ய மறுப்பதிலும் இருக்கிறது என்பதை அவரிடமிருந்து நானும் கற்றுக்கொண்டேன்.

சமையல் மேடையைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் பெரிய டிபன் கேரியர் வைத்திருந்தார். புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அன்று வண்டியை மந்திரித்தேன்.

அன்பர்களே, வீட்டில் இன்று உங்கள் உருளையை ஒருமுறை பாருங்கள். கைப்பிடியை ஒட்டிய தகட்டில் ஏ, பி, சி, டி எழுத்துகளுள் ஒன்றும் ஆண்டைக் குறிக்கும் எண்ணும் இருக்கும். அவ்வாண்டின் எந்தக் காலாண்டில் அதனை மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதை அவை சொல்லும். குழாயில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். வாயு நாற்றம் வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாமல், கதவு சன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள். இவை சிறு செயல்கள். ஆனால் அயலாரை அன்பு செய்வது பல நேரங்களில் இத்தகைய சிறு செயல்களில்தான் அடங்கியிருக்கிறது. யாரும் விழாத மாடியில் கைப்பிடிச் சுவரை எவரும் பாராட்டுவதில்லை. அதைக் கட்டியவனை இறைவன் அறிவார்.