விளக்கு எரிகிறது, காவலர் நலமா?

கடமையைக் குறைவறச் செய்பவன் பிறர் கண்ணில் படாமலே போய்விடுகிறான். குறை நேர்ந்தால்தான் அவனை நினைக்கிறோம். அப்படியாயின், அவனிடம் நமக்குக் கடமை ஏதும் உண்டா? இக்கேள்வியைக் கடல் நடுவே நின்ற ஒரு கலங்கரை விளக்கம் நம்முன் வைக்கிறது.

பிரிட்டனின் வேல்ஸ் கடற்கரைக்கு மேற்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவில் ஸ்மால்ஸ் என்னும் பாறைக்கூட்டம் உள்ளது. இசைக்கருவிகள் செய்யும் தொழிலுடைய ஹென்றி ஒயிட்சைடு என்பவர் 1770-களில் அங்கு ஒரு கலங்கரை விளக்கத்தை எழுப்பினார். ஓக் மரத் தூண்களின் மீது சிறிய அறை, அதன்மேல் விளக்கு. தூண்களுக்கிடையே அலைகள் புகுந்து செல்லும். இரண்டு காவலர்கள் அங்குத் தங்கி விளக்கைப் பேணினர்.

1801-ஆம் ஆண்டையொட்டி, தாமஸ் ஹவல், தாமஸ் கிரிஃபித் என்னும் இருவர் அப்பணியில் இருந்தனர். அவர்களிடையே அடிக்கடி பிணக்கு எழுவதைப் பலரும் அறிந்திருந்தனர். புயற்காலத்தில் கிரிஃபித் இறந்துபோனார். உடலைக் கடலில் இட்டால் கொலைப்பழி தம்மேல் விழும் என்று ஹவல் அஞ்சினார். பலகைகளால் பெட்டி செய்து, உடலை அதில் வைத்து, அறைக்கு வெளியே பிணைத்தார். கடல் கொந்தளிப்பால் வாரக்கணக்கில் எந்தப் படகும் நெருங்க இயலவில்லை. தொலைவில் சென்ற கப்பல்கள் விளக்கு வழக்கம்போல் எரிவதைக் கண்டதால், பெருந்துன்பம் நேர்ந்திருப்பதாக எவரும் கருதவில்லை என்பர். இறுதியில் கரை சேர்ந்தபோது, நண்பர்களே அடையாளம் காண இயலாத அளவுக்கு ஹவல் உருமாறியிருந்தாராம்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். விளக்கை அணைத்திருந்தால் கரையிலிருப்போர் திடுக்கிட்டிருப்பர், உதவியும் விரைந்திருக்கலாம். ஆனால் அந்த இருளில் ஏதேனும் ஒரு கப்பல் பாறையில் மோதியிருக்கக் கூடும். உடலைப் பாதுகாத்ததற்கு அச்சம் காரணமாகலாம். இரவுதோறும் விளக்கேற்றியதற்கு அச்சம் மட்டுமே காரணமாகாது. பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலில், அணிபவரை மறைக்கும் மோதிரம் ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். யாரும் காணாதபோதும் மனிதன் நேர்மையாக இருப்பானா என்பதே அங்கு எழும் வினா. எவரும் காணாத பாறைமீது, முகமறியா மாலுமிகளுக்காக எரிந்த அந்த விளக்கு அவ்வினாவுக்கு ஒரு விடை.

எனினும், ஹவலின் உறுதியைப் போற்றுவதோடு நின்றுவிடுவது முறையாகாது. ஒருவருடைய பொறுமை நம் கவனக்குறைவுக்குச் சமாதானம் ஆகிவிடக் கூடாது. இந்நிகழ்ச்சிக்குப் பின் பிரிட்டனின் இத்தகைய தனித்த விளக்கங்களில் மூவர் பணியமர்த்தப்படலாயினர். ஒருவருடைய மனவலிமையை மட்டுமே நம்பி ஓர் ஏற்பாடு இருத்தலாகாது என்னும் தெளிவு அதில் இருக்கிறது. ஹவலின் துன்பத்திற்குக் கிடைத்த மெய்யான மரியாதை அதுவே.

ஸ்மால்ஸில் 1861-இல் கற்கோபுரம் எழுந்தது. 1987-இல் அது தானியங்கியாகியது. இன்று அங்குக் காவலர் எவரும் இல்லை. ஆனால் நம்மைச் சூழ்ந்து பல விளக்குகளை மனிதர்களே ஏற்றிவருகின்றனர். இரவெல்லாம் நோயாளியின் அருகில் விழித்திருக்கும் செவிலி, முதிய பெற்றோரைத் தனியே பேணும் மகள், விடியுமுன் தெருவைத் தூய்மை செய்பவர் என்று எத்தனையோ பேர்! அவர்கள் பணி தடையின்றி நடக்கிறது என்பதாலேயே அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று முடிவுசெய்துவிடுகிறோம். பணி நன்கு நடக்கும்போதே அவர்களை அணுகி நலம் கேட்பதும், சுமையில் ஒரு பங்கை ஏற்பதும் ஒளி பெறுவோரின் கடமையாகும்.