தெரியாது என்பவனுக்கு யார் பேசுவது?

சேலையூர், செம்பாக்கம், கிழக்குத் தாம்பரம் பக்கம் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் நிறைய. யாராவது சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்புகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் போதும், இரண்டு நாள் முன்னாடியே பார்சல்கள் வர ஆரம்பித்துவிடும். "ஒரு கிலோகூட இருக்காதுப்பா, பருப்புப்பொடியும் வடகமும்தான். அவனே ஏர்போர்ட்டுக்கு வந்து வாங்கிப்பான்." வாங்கிக்கொள்பவர் பிரித்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் சந்தேகப்படுவதாக ஆகிவிடும், மரியாதையில்லை. டேப் சுற்றி மேலே பெயர் எழுதி வந்த பொட்டலம் அப்படியே பெட்டிக்குள் போகிறது. செக்-இன் கவுன்டரில், "இதை நீங்களேதான் பேக் பண்ணீங்களா? வேற யாராவது ஏதாவது கொடுத்தாங்களா?" என்று கேட்பார்கள். நாமும் தயங்காமல் "நானேதான், யாரும் எதுவும் கொடுக்கலை" என்று சொல்லிவிடுகிறோம்.

குருமாவுக்கு அரைக்கிற கசகசா அபினிச் செடியின் விதை. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் அந்த விதையைத் தடையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. எந்த மளிகைக் கடையிலும் வாங்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள், சிங்கப்பூரிலும் அப்படித்தான். சில மணி நேரப் பயணத்தில் ஒரு சமையல் சாமான் கடத்தல் பொருளாகிவிடுகிறது. பிடிபட்டவர் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: "எனக்குத் தெரியாது."

2019 ஜூலையில் மும்பைத் தம்பதி ஒருவர் தோஹா விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். பையில் 4 கிலோவுக்கு மேல் ஹஷீஷ். பயணத்துக்கு ஏற்பாடு செய்துகொடுத்த உறவினரே, புகையிலைப் பொருள் என்று சொல்லி அந்தப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். கத்தார் நீதிமன்றம் இருவருக்கும் 10 ஆண்டுச் சிறை விதித்தது. ஊரிலிருந்த குடும்பம் விடவில்லை. போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தில் புகார் கொடுத்தார்கள். பணியகம் விசாரித்து அந்த உறவினரைக் கைது செய்தது. விவரங்கள் தூதரகம் வழியாகக் கத்தாருக்குப் போயின. மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு உத்தரவாகி, 2021 மார்ச் இறுதியில் இருவரும் விடுதலையானார்கள்.

இதைப் படித்ததும் "அடப்பாவமே" என்கிறோம். அவர்கள் சொன்னது உண்மை என்று இன்றைக்கு நமக்குத் தெரியும் என்பதால் அப்படிச் சொல்ல முடிகிறது. பிடிபட்ட அன்றைக்கு அவர்கள் சொன்ன வாக்கியமும், தெரிந்தே கடத்துகிற ஆள் சொல்லும் வாக்கியமும் ஒன்றுதான். எழுத்து மாறாது, அழுகையும் பெரும்பாலும் மாறாது. அப்படியிருக்க, போதைப்பொருளோடு பிடிபட்டவன் பற்றிய செய்தி குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் முதல் ஆளாக ஒருவர் கேட்கும் கேள்வியை — "கையும் களவுமா மாட்டியிருக்கான், இவனுக்கெல்லாம் வக்கீல் எதுக்கு?" — கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் இந்தச் சிக்கலை அறியாமல் இல்லை. சாதாரணக் குற்ற வழக்கில் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. போதைப்பொருள் சட்டத்தின் 35-ஆம் பிரிவு அந்தப் பாரத்தில் ஒரு பகுதியைத் தூக்கிக் குற்றம் சாட்டப்பட்டவர் மேல் வைக்கிறது. குற்ற மனநிலை இருந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று அவர்தான் காட்ட வேண்டும், அதுவும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு. 54-ஆம் பிரிவு, பொருள் ஒருவரிடம் இருந்து அதற்குச் சரியான விளக்கம் அவர் தராவிட்டால் குற்றம் செய்ததாகவே கொள்ளலாம் என்கிறது. வணிக அளவு என்று சட்டம் சொல்லும் எல்லையைத் தாண்டிவிட்டால், ஹெராயினுக்கு அது 250 கிராம், ஜாமீன் கிடைப்பதும் அபூர்வம். இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக, விசாரணை முடிவதற்கு முன்பே நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். தண்டனை 10 ஆண்டில் தொடங்கி 20 வரை போகும்.

இந்தக் கடுமைக்குக் காரணம் உண்டு. பையைச் சுமப்பவனின் மனத்துக்குள் என்ன இருந்தது என்று அரசு எப்படி நிரூபிக்கும்? "தெரியாது" என்ற ஒரு சொல்லே போதும் என்றாகிவிட்டால், கடத்துகிற ஒவ்வொருவரும் அதைச் சொல்லிவிட்டு நடந்துவிடுவார்கள். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை கல்லூரிகள், எத்தனை விடுதிகள். பிள்ளையை விடுதியில் விட்டிருக்கும் அப்பா அம்மாவிடம் போய்க் கடத்தல்காரனின் உரிமை பற்றிப் பேசினால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சட்டத்தின் கடுமை அந்தக் கோபத்திலிருந்தும் வந்ததுதான்.

ஆனால் கடுமை ஏற ஏற, தப்பான ஆளைப் பிடித்தால் ஆகும் நாசமும் ஏறுகிறது. அமிர்தசரஸ் விமான நிலைய வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை நேராக எடுத்துக்கொண்டது. 1997 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த நூர் ஆகா என்பவரிடம், திராட்சை இருந்த அட்டைப்பெட்டியில் 1 கிலோ 400 கிராம் ஹெராயின் இருந்ததாகச் சுங்கத்துறை வழக்கு. விசாரணை நீதிமன்றம் 10 ஆண்டு கொடுத்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 35, 54 பிரிவுகள் செல்லும் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அவை வேலை செய்யத் தொடங்க வேண்டுமானால், அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்திருக்க வேண்டும். அந்தப் பெட்டி எங்கே? பிடிபட்ட பொருள் எங்கே? பரிசோதனைக்குப் போன மாதிரி அதிலிருந்துதான் எடுத்தது என்பதற்கு என்ன சாட்சி? இவற்றுக்கு ஒழுங்கான பதில் இல்லை. பிடிபட்டதாகச் சொன்ன பொருளே நீதிமன்றத்துக்கு வரவில்லை.

"டெக்னிக்கல் பாயின்ட்ல தப்பிச்சிட்டான்" என்று இதைத்தான் சொல்கிறோம். எனக்கு அந்தச் சொல் சரியாகப் படவில்லை. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: எந்த மாற்றத்தை யார், எப்போது செய்தார்கள் என்ற பதிவு இல்லாத இடத்தில், கோளாறு வந்தால் கடைசியாகத் தொட்டவன் தலையில்தான் விழும். அவன் செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம். பையை மடக்கிப் பிடித்ததிலிருந்து ஆய்வகம் போகும் வரை யார் கையில் இருந்தது, யார் முத்திரை வைத்தார், எப்போது எடை போட்டார்கள் என்ற விவரங்கள் அந்தப் பதிவு மாதிரி. அது இல்லாவிட்டால், பொருள் அவனிடம் இருந்தது என்பதற்கு அதிகாரியின் வார்த்தை மட்டுமே மிச்சம். அந்த வார்த்தையை மட்டும் வைத்து ஒருவனைப் 10 ஆண்டு உள்ளே வைக்கலாமா என்பதுதான் கேள்வி. இது அற்பமான நுணுக்கம் இல்லை.

நூர் ஆகா உண்மையில் கொண்டுவந்திருக்கலாம்தானே? இருக்கலாம். எதிர்த்தரப்பு வாதத்தை ஆதரிக்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. இந்த விதிகளால் நிஜமான கடத்தல்காரர்கள் சிலர் வெளியே வரத்தான் செய்வார்கள். விதியைத் தளர்த்தினால் அவர்களோடு சேர்த்து யார் உள்ளே போவார்கள் என்பதை மட்டும் நாம் பார்க்கவே மாட்டோம். ஏனென்றால் அவர்கள் எல்லோரும் நம் கணக்கில் குற்றவாளிகளாகவே பதிந்துவிடுவார்கள். தப்பித்தவன் செய்தியாக வருகிறான். தப்பாக மாட்டியவன் செய்தியாவதற்கு, தோஹா தம்பதிக்கு அமைந்த மாதிரி விடாத குடும்பம் ஒன்று வேண்டும்.

சென்னையிலேயே தொடங்கிய வழக்கு ஒன்று இன்னும் ஒரு படி போகிறது. 2004-இல் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் சென்னையில் 5 கிலோவுக்கு மேல் ஹெராயினைப் பிடித்தது. இலங்கைக்குப் போகவிருந்த சரக்கு என்பது வழக்கு. கைதான தூஃபான் சிங்குக்கு 10 ஆண்டுத் தண்டனை. அதற்கு முக்கிய ஆதாரம் பணியக அதிகாரியிடம் அவரே கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலிருந்தே வரும் விதி. அடிக்குப் பயந்து எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வார்கள் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. பணியக அதிகாரி போலீஸா, இல்லையா? 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு பதில் சொன்னது. நீதிபதிகள் நாரிமனும் நவீன் சின்ஹாவும், அவரும் போலீஸ் அதிகாரியே, அந்த வாக்குமூலத்தை ஒப்புதலாக வைத்துத் தண்டிக்க முடியாது என்றார்கள். நீதிபதி இந்திரா பானர்ஜி உடன்படவில்லை.

கைது 2004-இல், தண்டனை 10 ஆண்டு, கேள்விக்குப் பதில் 2020-இல். அவர் செய்தாரா இல்லையா என்பது எப்படியிருந்தாலும், பதில் வருவதற்குள் தண்டனைக் காலத்தைவிட அதிகமான ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனால் அவருக்காக யாரோ விடாமல் வாதாடியதால், அதற்குப் பின் இதே சட்டத்தில் மாட்டும் ஒவ்வொருவருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. அதில் சேலையூரிலிருந்து பொட்டலம் சுமக்கும் ஒரு பையனும் இருக்கலாம்.

இதற்கு நேர்மாறான முடிவும் நம் கண்முன் நடந்தது. ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் ஐந்து பேரை 2011-இல் இலங்கைக் கடற்படை ஹெராயின் கடத்தல் என்று பிடித்தது. 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் அவர்களுக்கும், கூடவே இலங்கையர் மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. தமிழ்நாடு கொதித்தது. மேல்முறையீடு போனது, பிறகு திரும்பப் பெறப்பட்டது; நவம்பரில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச ஐவருக்கும் மன்னிப்பு வழங்கினார், அவர்கள் வீடு திரும்பினார்கள். உயிர் தப்பியது பெரிய விஷயம், யாரும் சந்தோஷப்படாமல் இருக்க முடியாது. ஆனால் மன்னிப்பு குற்றம் செய்தவனுக்குத்தான் தருவது. 'நாங்கள் செய்யவில்லை' என்று சொன்னவர்களுக்கு, 'ஆமாம், நீங்கள் செய்யவில்லை' என்றோ 'இல்லை, செய்தீர்கள்' என்றோ மேல் நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. அரசியல் பலம் வீட்டுக்குக் கூட்டிவரும், பெயரைத் துடைத்துக் கொடுக்காது. பின்னால் ஒரு மாநிலமே நிற்க வாய்க்காத ஆளுக்கு அதுவும் இல்லை.

இப்போது அந்த 'தெரியாது' என்ற சொல்லுக்கே வருவோம். அதில் மூன்று வகை இருப்பதாகப் படுகிறது. ஏமாற்றப்பட்டு நிஜமாகவே தெரியாதவர். தெரிந்தும் தெரியாது என்பவர். மூன்றாமவர் சிக்கலானவர்: ஏதோ சரியில்லை என்று உள்ளுக்குள் தோன்றியும், கேட்டால் தெரிந்துவிடுமே என்பதற்காகக் கேட்காமல் விட்டவர். 2011-இல் சாங்கி விமான நிலையத்தில், 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவான மெத்தம்பெட்டமினோடு பிடிபட்ட நைஜீரியர் ஒருவருக்குச் சிங்கப்பூரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்கு உண்மையில் தெரிந்திருக்கவில்லை, ஆனால் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டார் என்பது அரசுத் தரப்பு வாதம். 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. 'தெரிந்திருந்தது' என்று சட்டம் அனுமானிக்கலாம், 'கண்ணை மூடிக்கொண்டார்' என்பதை அனுமானிக்க முடியாது, அதை நிரூபித்தாக வேண்டும் என்றது.

அறத்தின் கணக்கில் இந்த மூன்றாமவரை நான் சுத்தமாக விட்டுவிடமாட்டேன். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் இருப்பது ஒரு செயல்தான். செக்-இன் கவுன்டரில் "யாரும் எதுவும் கொடுக்கலை" என்று சொல்லும்போது நாமும் அவருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறோம். வடகம் வடகமாகவே இருந்ததால் நமக்கு ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான். ஆகவே, "பிரிச்சு ஒரு தடவை பாத்துக்கறேன் மாமி, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லப் பழக வேண்டும். கொடுக்கிறவரும் தானாகவே பிரித்துக் காட்டினால் அந்தச் சங்கடமும் போய்விடும்.

ஆனால் மூன்று பேரும் ஒரே ஆள் இல்லை. ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டியவர், ஒருவர் நீண்ட தண்டனைக்குரியவர், இன்னொருவர் நடுவில் எங்கோ நிற்பவர். பிடித்த அதிகாரிக்கு மூவரும் ஒரே பையோடு நிற்கும் ஒரே முகம். அவர்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை நீதிமன்றத்துடையது. ஒருவர் எதிர்ப்பக்கம் நின்று, "பெட்டி எங்கே, முத்திரை எங்கே, இதை அவனுக்குக் கொடுத்தது யார்" என்று கேட்டால்தான் அந்த வேலை நடக்கும். அதனால்தான் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கைதானவர் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டம் காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீலையும் தருகிறது. நல்லவனுக்கு மட்டும் வக்கீல் என்று எழுதியிருந்தால், நல்லவன் யார் என்பதை வக்கீல் இல்லாமலேயே யாராவது முடிவு செய்ய வேண்டியிருக்கும். இப்போதைக்கு அந்த முடிவைக் குடியிருப்புக் குழுவில் நாமே இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறோம்.